மூணு நாளில் மூக்கு தோற்கும்

கிளாட்வின் மச்சாது. வயது இருபத்தேழு. இருப்பது வடகடலில் மிதக்கும் ஸ்கார்வா நகரம், ஐந்தாம் அடுக்கு, இணைக் குடியிருப்பு, அறை நூற்றுப் பதினாறு.

தங்கை செலிக்குக் கடிதம் சொல்லும்போதெல்லாம் அவன் இப்படித்தான் ஆரம்பிப்பான். அவன் அப்பா வள்ளத்திலிருந்து வயர்லெஸில் பேசும்போது பேர், வயசு, நிற்கிற இடம் மூன்றையும் சொல்லாமல் அடுத்த வார்த்தை பேசமாட்டார். கடலில் என்ன ஆனாலும் கரையில் இருப்பவர்களுக்கு அந்த மூன்றுமாவது தெரிந்திருக்கட்டும் என்பார். அப்பாவைக் கடல் கொண்டுபோனது, பிறகு ஊரையும் கொண்டுபோனது. பழக்கம் மட்டும் மகனிடம் தங்கிவிட்டது.

அவன் வாயால் சொல்வான், போன் எழுதிக்கொள்ளும். மணிமுத்தாறு பக்கம் கடலோரத்து ஆட்களை அடைத்து வைத்திருக்கும் கொட்டகையில் செலி அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவாள். கடந்த நாற்பது நாளாக அனுப்பிய கடிதங்களில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அவன் விட்டுவிட்டான். அவனுக்கு ஒரு காதலி இருக்கிறாள் என்பதை. பொய்க் காதலிதானே, சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நினைத்திருந்தான்.

அந்த யோசனை, கேன்டீனில் சமைக்கும் திரவியம் அண்ணாச்சியுடையது.

"ஏ மக்கா, ஒனக்கும் ரெண்டு மாசத்துல ஒப்பந்தம் முடியுது. தண்ணி லேப்புல இருக்காள்லா, நம்ம திருநெவேலிப் பக்கத்துப் புள்ள, காந்திமதி, அவளுக்கும் ரெண்டு மாசத்துல முடியுது. ரெண்டு பேரும் ஜோடின்னு எழுதிக் குடுங்க. அஞ்சு வருசம் இருக்கலாம். ஆளுக்கு ரெண்டு பேர ஊர்லேருந்து கூப்பிட்டுக்கிடலாம்."

ஆளுக்கு ரெண்டு பேர். கிளாட்வின் காதில் அது மட்டும்தான் விழுந்தது. அம்மா, செலி. போன மழையில் கொட்டகைக்குள் முழங்கால் வரை தண்ணீர் நின்றபோது பக்கத்துத் தடுப்பிலிருந்து மூன்று உடல்களை எடுத்தார்கள் என்று செலி எழுதியிருந்தாள். அடுத்த மழைக்கு நான்கு மாதம் இருந்தது.

"நடிச்சா கண்டுபிடிச்சிர மாட்டானா அண்ணாச்சி?"

"அங்கதான் கூத்தே இருக்கு. தோள்ல கை போட்டு போட்டா எடுத்து நீட்டுனதெல்லாம் அந்தக் காலம். இப்ப மூக்கோரத்துல ஒரு ஒட்டு ஒட்டுவான். அருவருப்பானதப் பாத்தா மேலொதடு லேசா சுருங்கும்லா? நமக்கே தெரியாது. அதுக்குத் தெரிஞ்சிரும். புடிச்ச மாதிரி எவன் வேணா நடிக்கலாம்டே, ஓங்கரிப்பு வராத மாதிரி எவனும் நடிக்க முடியாது. பெத்தவளுக்குப் புள்ள பீ நாறுமா? அதான் அவன் கணக்கு. கூடவே கெடந்தா அருவருப்பு எறங்கணும். நாப்பதாவது நாள் இருவத்தஞ்சுக்குக் கீழ வந்தா ஜோடி. வரலன்னா ரெண்டு பேரும் கப்பலேற வேண்டியதுதான்."

அரசாங்கம் அதற்கு 'நெருக்கச் சான்று' என்று பேர் வைத்திருந்தது. கேன்டீனில் அதன் பேர் ஓங்கரிப்பு மீட்டர். இன்னொருத்தர் ஆறடிக்குள் வந்தால் மணிக்கட்டுப் பட்டையில் எண் ஓடும். பூச்சியத்திலிருந்து நூறு வரை.

இருவரும் எழுதிக் கொடுத்தார்கள், நூற்றுப் பதினாறாம் அறை கிடைத்தது. முதல் நாள், முதல் பகல். காந்திமதி அறைக்குள் வந்து, இரண்டு தம்ளர்களையும் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்து, தன்னுடையதைத் தனியே ஒரு துணியில் சுற்றி வைத்தாள். இருபத்தொன்பது வயது. நெற்றியில் மெல்லிய கீற்றாகத் திருநீறு. மீனும் கறியும் புழங்காத வீட்டுப் பெண். சோதனைக்கூடத்தில் நாள் முழுக்கத் தண்ணீரில் கிருமி எண்ணுகிறவளுக்கு அறைக்கு வந்தாலும் கண் ஓயவில்லை. கிளாட்வினோ கழிவுத் தொட்டியில் வேலை பார்ப்பவன். எட்டு மணி நேரம் ஒரு நகரத்தின் மொத்த மலத்தையும் கிண்டிவிட்டு வந்து, கையைக் கால்சட்டையில் துடைத்து, அம்மா அனுப்பிய வாளைக் கருவாட்டைத் தவாவில் போட்டான்.

காந்திமதியின் பட்டையில் தொண்ணூற்று மூன்று.

"என்னது இது, பொணமா?"

"வாளை மேடம்."

"பேரு வச்சா ஆச்சா? எடுத்துப் பொதைங்க."

அவள் கழிவறைக்கு ஓடினாள். ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது. கிளாட்வின் தவாவை இறக்கிவிட்டுக் கதவுக்கு வெளியே நின்று சமாதானம் சொன்னான்.

"மேடம், பயப்படாதீங்க. எங்கம்மா ஒண்ணு சொல்லுவா. மூணு நாள் பொறுத்தா மூக்கு தோத்துரும்னு."

சத்தம் சட்டென்று நின்றது. கதவு ஒரு விரற்கடை திறந்தது.

"யாரு சொல்லுவா?"

"எங்கம்மா. கருவாட்டுக் கூடையத் தூக்கிட்டு ஊர் ஊராப் போனவ. மூக்கப் பொத்துதவங்ககிட்ட எல்லாம் சிரிச்சிக்கிட்டே சொல்லுவா."

அவள் அவனையே பார்த்தாள். பட்டையில் தொண்ணூற்றேழு. கதவு சாத்திக்கொண்டது. கருவாட்டு வாசனை உள்ளேயும் போய்விட்டது போல என்று கிளாட்வின் நினைத்தான்.

முதல் பத்து நாள் அறையே அருவருப்பின் பொருட்காட்சியாக இருந்தது. அவன் தட்டை வழித்து நக்கினால் எண்பது. முள்ளை உறிஞ்சினால் எண்பத்தைந்து. ஈரக் காலுறையை அவள் தலையணைப் பக்கம் காயப்போட்ட அன்று பட்டை நூறைத் தொட்டுவிட்டு ஒரு நிமிடம் அணைந்தே போனது.

அவனுடைய எண் மட்டும் அசையவில்லை. எப்போது பார்த்தாலும் மூன்று.

அவளுக்கு அது பொறுக்கவில்லை. ஒருநாள் குளியலறை வடிகாலில் சேர்ந்திருந்த தன் முடியைச் சோப்பு வழவழப்போடு கொத்தாக எடுத்து வந்து அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். அவன் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். குடித்துக்கொண்டே இருந்தான்.

"மூணுதான்" என்றான், பட்டையைக் காட்டி.

"ஒங்களுக்கு மூக்கே கெடையாதா மச்சாது?"

"மூக்கு இருக்கு மேடம். அது எப்பவோ தோத்துப் போச்சு. நீங்க குடிக்கீங்கள்லா இந்தத் தண்ணி, எங்க தொட்டியிலேருந்துதான் வருது. நான் கலக்கி அனுப்புததத்தான் நீங்க சுத்தம்னு எழுதிக் கையெழுத்துப் போடுதீங்க."

அவள் பாட்டிலைப் பார்த்தாள். தொண்ணூற்றொன்று. பிறகு அவளையும் மீறிச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே பாட்டிலை ஒரு சாண் மேலே தூக்கி, அண்ணாந்து, உதட்டில் படாமல், ஒரு சொட்டுச் சிந்தாமல் குடித்தாள். அவன் அவள் பாட்டிலை வாங்கி வாய் வைத்துக் குடித்தான். அந்தப் பாட்டில் அன்றே குப்பைக்குப் போனது.

பதினேழாம் நாள் அதிகாரி வந்தாள். யூனா என்று பேர், நரைத்த தலை, சோர்ந்த முகம். கழுத்தில் தொங்கிய மொழிபெயர்ப்பான் அவள் பேசுவதைப் பள்ளிக்கூடப் புத்தகத் தமிழில் சொன்னது. மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். காந்திமதி வழக்கம்போல் அண்ணாந்து தண்ணீர் குடித்தாள். யூனா தன் பலகையில் குறித்துக்கொண்டாள்.

"துணைவி குவளையைத் தம் உதட்டால் தொட மறுக்கிறார்" என்றது மொழிபெயர்ப்பான்.

கிளாட்வின் முந்திக்கொண்டான். "இல்ல மேடம், எங்க ஊர்ல அப்பிடித்தான். பஸ்ல, பள்ளிக்கூடத்துல, எங்கயும் தூக்கித்தான் குடிப்பாங்க. எச்சில் படக்கூடாதுன்னு. மரியாதைக்கு."

"தாங்கள் அவ்வாறு குடிக்கவில்லையே?"

"நான் கொஞ்சம் மரியாதை இல்லாதவன்."

யூனா சிரிக்கவில்லை. "ஒரு கேள்வி. உங்கள் ஊரில் எல்லோரும் எல்லோருடனும் இவ்வாறுதான் நடந்துகொள்கிறார்களா? அல்லது சிலர், வேறு சிலருக்கு மட்டும் இவ்வாறு செய்கிறார்களா?"

அறையில் நாற்றம் எதுவும் இல்லை. தட்டில் தயிர்ச்சோறு. இருந்தும் காந்திமதியின் எண் அறுபத்தைந்திலிருந்து எண்பத்தெட்டுக்குத் தாவியதைக் கிளாட்வின் பார்த்தான். யூனாவும் பார்த்தாள்.

அதற்குப் பிறகு காந்திமதி மாறிவிட்டாள். வீம்புக்குச் செய்கிறவள் மாதிரி, அவன் சட்டையைத் தானே துவைத்தாள். கருவாடு பொரித்தால் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டாள். எந்தெந்த ஊருக்குப் போவாங்க? கூடை பெருசா? எந்த வருசம் வரைக்கும் தூக்குனாங்க? கிளாட்வினுக்கு அதெல்லாம் பாசமாகத் தெரிந்தது. எண்கள் இறங்கின. அறுபது, நாற்பத்தைந்து, முப்பத்திரண்டு.

இருபத்தாறாம் நாள் தொட்டியில் வாயு கசிந்து ஐந்து பேர் மயங்கினார்கள். கிளாட்வின் எப்படியோ அறைக்கு நடந்து வந்து, வாசலிலேயே வாந்தி எடுத்தான். மயங்கி அதன் மேலேயே விழுந்தான். கண்ணைத் திறந்தபோது காந்திமதி மண்டியிட்டு உட்கார்ந்து, கையுறை கூட இல்லாமல், இரண்டு உள்ளங்கைகளாலும் அதை வழித்து வாளியில் போட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அவன் தாடையைத் துடைத்துவிட்டாள்.

"மேடம், பட்டையப் பாருங்க" என்றான் ஈனக்குரலில்.

பதினொன்று.

இருவரும் அந்த எண்ணையே பார்த்தார்கள். வாந்தி நாறும் வாசலில் உட்கார்ந்துகொண்டு, வயிறு வலிக்க வலிக்கச் சிரித்தார்கள்.

"இனி மேடம்னு கூப்பிட்டா இந்த வாளிய ஒன் தலையில கவுத்துருவேன்" என்றாள் அவள்.

கிளாட்வின் விழுந்துவிட்டான். இந்த முறை மயக்கத்தில் இல்லை. கடைசி வாரம் முழுக்க அவன் மனதுக்குள் வேறு கடிதம் ஓடியது. செலி, ஒனக்கு ஒரு மதினி இருக்கா. மீன் திங்க மாட்டா. அம்மாவத்தான் எப்படிச் சமாளிக்கப் போறேனோ.

முப்பத்தொன்பதாம் நாள், விடுமுறை மதியம். ஜன்னலுக்கு வெளியே சாம்பல் நிறக் கடல். காந்திமதி சாப்பாட்டைத் தொடவில்லை.

"நாளைக்கு ஒரே கப்புல ரெண்டு பேரும் குடிக்கணும். ஒன்கிட்ட ஒண்ணு சொல்லாம என்னால அதுல வாய் வைக்க முடியாது."

"சொல்லு."

"எனக்கு ஒம்போது வயசு. ஆத்தோரத்துல எங்க ஊரு. சித்திர மாசம், உச்சி வெயிலு. கருவாட்டுக் கூடக்காரி ஒருத்தி வாசல்ல நின்னு தண்ணி கேட்டா. ஊத்திவிட்டுட்டு வாட்டீன்னு எங்கம்மா சொம்பக் குடுத்தா. அவ குனிஞ்சி ரெண்டு கையவும் சேத்து ஏந்துனா. நான் எடது கையால மூக்கப் பொத்திக்கிட்டு, மேலேருந்து ஊத்துனேன்."

"எல்லா வீட்லயும் அப்படித்தான ஊத்துவாங்க" என்றான் கிளாட்வின். அவன் குரல் அவனுக்கே எங்கோ தூரத்தில் கேட்டது.

"அவ என்னப் பாத்துச் சிரிச்சா. மூணு நாள் பொறுத்தா மூக்கு தோத்துரும் தாயின்னா. எனக்கு என்ன தோணிச்சோ, சொம்ப இன்னும் ஒசரத்துக்குத் தூக்குனேன். இன்னும் தூக்குனேன். தண்ணி கையில விழாம மூஞ்சில விழுந்துச்சு. மூக்குக்குள்ள ஏறி அவளுக்குப் பொரையேறிருச்சு. வீட்ல எல்லாரும் சிரிச்சாங்க. எல்லாரும் சிரிக்காங்கன்னு மிச்சத் தண்ணிய எறக்கி வச்சிருந்த கூடையில ஊத்துனேன். எங்கம்மா என்ன அடிச்சா. எதுக்குன்னு நெனைக்க? கூடையில ஊத்துன தண்ணி தெறிச்சி சொம்புல பட்டுருச்சாம். புளி போட்டுத் தேய்க்கச் சொன்னா."

கிளாட்வின் தன் தட்டைத் தள்ளி வைத்தான்.

"மொத நாளு நீ அந்த வார்த்தையச் சொன்னியே, அப்பவே எனக்குத் தெரியும். வேற யாராவதா இருக்கட்டும்னு தினமும் நேந்துக்கிட்டேன். அதான் ஊரு, வருசம் எல்லாம் கேட்டேன். எல்லாம் சரியா வருது கிளாட்."

அவனுக்கு அப்போது ஏழு வயது. சித்திரையில் ஒருநாள் அம்மா நனைந்த கூடையோடு வந்தாள். மழை பிடிச்சிக்கிட்டு என்றாள். சித்திரையில் ஏது மழை என்று அப்பா கேட்டார். அதற்கு அவள் பதில் சொல்லவில்லை. கருவாட்டைத் திரும்பக் காயப்போட்டாள். அது காயவில்லை, புழு வைத்தது. அந்த வாரம் வீட்டில் வேறு ஒன்றும் இல்லை. அம்மா விளக்கடியில் உட்கார்ந்து ஒவ்வொரு புழுவாகப் பொறுக்கி எறிந்துவிட்டு, மிச்சத்தைக் குழம்பு வைத்தாள். அவன் முதல் வாயிலேயே ஓங்கரித்தான். அம்மா முதுகைத் தடவிக்கொடுத்துச் சொன்னாள்: மூணு நாள் பொறு மக்கா.

மூன்றாம் நாள் அவன் மூக்கு தோற்றது. அதற்கப்புறம் எதற்குமே அது சுருங்கியதில்லை. மலத்தொட்டிக்கும் சுருங்கவில்லை.

"ஏதாவது பேசு" என்றாள் காந்திமதி. "அடிக்கவாவது செய்."

அவன் அவள் கையைப் பார்த்தான். வாந்தி அள்ளிய கை. சொம்பைத் தூக்கிய கை. இரண்டும் ஒரே கைதான், அதை எப்படிப் பிரிப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. மூக்கோரத்தில் எதுவோ இழுத்தது. பட்டையைப் பார்த்தான். முப்பத்தெட்டு நாளாய் மூன்றில் நின்ற எண், அறுபத்தேழு.

மறுநாள் காலை, யூனாவின் அலுவலகம். பாலில் கழுவியது போன்ற வெள்ளை அறை. அந்த வெள்ளையே அவனுக்குக் குமட்டியது. மனுசன் ஓங்கரிப்பதை எண்ணிப் பார்த்து வாசல் திறக்கும் ஊர், அந்த வாசலுக்காக நாற்பது நாள் பல்லைக் காட்டிய தான், எல்லாமே குமட்டியது. அம்மா, செலி, அம்மா, செலி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டான். இருபத்தைந்து. இருபத்தைந்துக்குக் கீழே.

முதலில் காந்திமதி. அவன் அணிந்து கழற்றிய சட்டையை முகர்ந்தாள். ஆறு. அவன் தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிட்டாள். ஒன்பது. கோப்பை வந்தது. இருபத்தொன்பது வருடத்தில் எதிலும் வாய் வைக்காதவள், விளிம்பில் உதட்டை அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். இரண்டு.

அடுத்து அவன். அவள் துப்பட்டாவை முகர்ந்தான். எழுபத்தொன்று. அவள் தட்டில் ஒரு வாய். எண்பது. விழுங்கவே முடியவில்லை. கோப்பை அவன் கைக்கு வந்தது. விளிம்பில் அவள் உதட்டின் ஈரம்.

அம்மாவுக்காகக் குடி என்றான் தனக்குள். கை உயர்ந்தது, வாய்க்கு வரவில்லை. முகத்தையும் தாண்டி மேலே போனது. அவன் தலை தானாகப் பின்னால் சாய்ந்தது. வாழ்க்கையிலேயே முதல் தடவையாகக் கிளாட்வின் மச்சாது அண்ணாந்து, உதடு படாமல் குடித்தான். பழக்கமில்லாததால் தண்ணீர் மூக்கில் ஏறியது. இருமி இருமிக் கண்ணில் நீர் வந்தது.

எண்பத்தாறு.

காந்திமதி தலையைக் குனிந்துகொண்டாள். அவனுக்குக் கப்பல் தெரிந்தது. கொட்டகைக்குள் ஏறும் தண்ணீர் தெரிந்தது.

யூனா பலகையை நீண்ட நேரம் பார்த்தாள். பிறகு இரண்டு முத்திரைகளை எடுத்து வைத்தாள்.

"வாழ்த்துகள். இணை அனுமதி வழங்கப்படுகிறது."

"எண்பத்தாறு வந்திருக்கே!" கிளாட்வின் கத்திவிட்டான். "இருவத்தஞ்சுக்குக் கீழ வரணும்லா?"

"இருபத்தைந்து என்பது கேன்டீன்களில் உலவும் கதை. நாங்கள் எண்ணைப் பார்ப்பதில்லை. நாற்பது நாள் கோட்டைப் பார்க்கிறோம். நடிக்க வருபவர்கள் பயிற்சி செய்துகொண்டு வருகிறார்கள். அவர்களது கோடு ஒழுங்காக இறங்கிவிடும். தங்கள் கோடு முப்பத்தெட்டு நாள் அசையவே இல்லை. உண்மையில், தங்களை நிராகரிப்பதாக இருந்தேன். எதுவுமே தோன்றாத மனிதர், யாரோ ஓர் அந்நியருடன் தங்கியிருக்கிறார் என்று எண்ணினேன்." யூனா முத்திரையைக் குத்தினாள். "நேற்று மதியம் ஒரே நிமிடத்தில் அறுபத்தேழு. அவர் தங்களுக்கு யாரோ அல்லர் என்று அப்போது தெரிந்துகொண்டேன். முன்பின் தெரியாதவர் மேல் இப்படி ஓர் அருவருப்பு முளைக்காது. இது குடும்பம்."

அவள் இரண்டு படிவங்களை நீட்டினாள். அழைக்க வேண்டியவர்களின் பெயர்களை ஏழு நாளைக்குள் எழுதித் தர வேண்டும். எத்தனை பேர் வந்தாலும் தங்குவதற்கு அதே நூற்றுப் பதினாறுதான். இணை பிரிந்தால் எல்லோருடைய அனுமதியும் ரத்தாகும்.

அறைக்கு வந்ததும் காந்திமதி தன் படிவத்தை எடுத்து, இரண்டு கட்டத்திலும் கோடு இழுத்தாள். அவளுக்கு அழைக்க யாரும் இல்லை.

"ஒங்கம்மா வரட்டும்" என்றாள், அவனைப் பார்க்காமல். "நானா எதுவும் அவங்கட்ட பேசமாட்டேன். திட்டுனா வாங்கிக்கிடுதேன். அவங்களுக்கு மூணு நாள் போதாது, தெரியும்."

அவள் மூக்கோரத்தில் ஒட்டு இருந்த இடம் சிவந்து கிடந்தது. கிளாட்வின் போனை எடுத்தான். பேர், வயசு, நிற்கிற இடம் மூன்றையும் சொன்னான். பிறகு நாற்பது நாளையும் ஒன்று விடாமல் சொன்னான், அவள் கேட்டுக்கொண்டிருக்கவே சொன்னான். போன் எழுதிக்கொண்டே வந்தது. கடைசியில் இப்படி முடித்தான்.

"செலி, நீயோ, நீ இல்லன்னா அந்தக் கொட்டகையில வாசிக்கத் தெரிஞ்ச வேற யாரோ, யாரு கையில இது கெடச்சாலும் ஒரே ஒரு உதவி செய்யுங்க. இன்னைக்கே இத அம்மாவுக்கு முழுசா வாசிச்சுக் காட்டுங்க. சொம்பு வார இடத்த விட்டுராதீங்க. அந்தப் புள்ள இருக்க வீட்டுக்கு வர அவளுக்குச் சம்மதமான்னு கேளுங்க. அவ என்ன சொல்லுதாளோ, அத அவ வாயாலயே சொல்லச் சொல்லி எனக்கு அனுப்புங்க. ஏழு நாள் இருக்கு."